உப்புத்தாளின் பின்பக்கம்

ஜனவரி 6, திங்கள்

பெயின்ட் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி. சென்ற ஆண்டும் ஒன்று கொடுத்தார். அதில் ஜனவரி பத்தோடு என் எழுத்து நின்றுவிட்டது. மிச்சப் பக்கங்களில் அண்ணி கோலம் போட்டுப் பழகினாள். இந்த ஆண்டு விடுவதாக இல்லை. கடையில் நாள் முழுக்க நல்லவளாக இருக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொல்லாதவளாக இருக்க ஓர் இடம் வேண்டும்.

இன்று புதிதாக ஓர் ஆள் வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது.

"உப்புத்தாள் ஒண்ணு குடுங்க."

"எதுக்குங்க?"

"தேய்க்கறதுக்குத்தானுங்க."

அப்பா விட்டுப்போன இந்த ஹார்டுவேர் கடையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கோபி ஊரில் யாருக்கும் எதற்கென்று கேட்காமல் உப்புத்தாள் கொடுத்ததில்லை. மரமா, சுவரா, இரும்பா? புது மரமா, பழைய வார்னிஷை உரிக்க வேண்டுமா? நோயைச் சொல்லாமல் மாத்திரை கேட்டால் எந்த மருந்துக்கடைக்காரர் கொடுப்பார்?

விசாரித்ததில், பெண்கள் பள்ளியின் பி.டி. மாஸ்டராம். வகுப்பு பெஞ்சுகளில் சிலாம்பு கிளம்பிப் பிள்ளைகளின் துணியைக் கிழிக்கிறதாம். முதலில் 80, அப்புறம் 120 என்றேன். தாளைக் கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "80 மட்டும் குடுங்க. 120-க்கு நாளைக்கு வர்றேனுங்க" என்றார். பள்ளிக்கூடம் இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். விவரம் போதாத மனிதர்.

பெயர் அர்த்தநாரி. பில்லுக்காகக் கேட்டேன். ஒரு தாளுக்கெல்லாம் பில் போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஜனவரி 7, செவ்வாய்

120 வாங்கிப் போனார். விளிம்புகளுக்குக் கட்டை வேண்டாம், தாளை விரலில் மடித்துக்கொண்டு தேய்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 9, வியாழன்

மாஸ்டருக்கு இன்று கோல் போஸ்ட்டில் துரு. மரத்துக்குப் போடும் தாளை இரும்பில் போட்டால் மணல் உதிர்ந்து வெறும் காகிதம்தான் கையில் மிஞ்சும். துணி முதுகு வைத்த எமரி கொடுத்தேன். அதையும் ஒன்றே ஒன்று வாங்கினார்.

அவர் போனதும் வெங்கிடு ஆசாரி டீ டம்ளரைக் கீழே வைத்தார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதினோரு மணிக்கு அவர் டீ குடிப்பது என் கடையில்தான்.

"ஏனம்மிணி, அந்த வாத்தியாரு பள்ளிக்கூடத்தையே தேச்சுத் தீத்துப்போடுவாராட்ட இருக்குதே."

"பொறுப்பான மனுசர்" என்றேன்.

"ஆமாமா. தாளுக்கு ஒரு நடை நடக்கறாரு. நெம்பப் பொறுப்பு."

ஜனவரி 11, சனி

பள்ளிக்கூடம் லீவு. வியாபாரம் மந்தம்.

பொங்கல் வெள்ளையடிப்புக்கு வந்த கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது என்கிறார் ஆசாரி. இருக்கலாம்.

ஜனவரி 12, ஞாயிறு

வீட்டு ஹாலில் பெயின்ட்டுக்கு முன் சுவருக்குப் பட்டி பார்த்திருக்கிறார்கள். நான் குளித்து வருவதற்குள் அண்ணி 60-ஐ எடுத்துச் சுவரைத் தேய்த்துவிட்டாள். சுவர் முழுக்கக் கோழி கிளறிய மாதிரி கோடுகள். பட்டிக்கு 180 போதும், அதையும் தடவிக் கொடுக்கிற மாதிரிதான் தேய்க்க வேண்டும். பக்கவாட்டில் பல்பைப் பிடித்து, எங்கெங்கே மேடு என்று காட்டினேன். அண்ணி சுவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த மாஸ்டரு ஒரே வாரத்துல நாலு வாட்டி வந்தாராமே?"

"மூணு வாட்டி."

"எண்ணி வெச்சிருக்கற."

கடை ஆசாரியின் வாய் வழியாக வீட்டுக்கு ஒழுகுகிறது. ஆசாரிக்கு நாளை முதல் டீ கிடையாது.

ஜனவரி 17, வெள்ளி

(ஆசாரிக்கு டீ உண்டு. பொங்கல் கழிந்ததால் மன்னித்துவிட்டேன்.)

எட்டு நாளைக்குப் பிறகு மாஸ்டர் வந்தார். பிப்ரவரி ஒன்றாம் தேதி ஈரோட்டில் மாவட்ட கேரம் போட்டி. நான்கு பெண்பிள்ளைகள் போகிறார்கள். போட்டி அளவில் பள்ளியில் இருப்பது ஒரே ஒரு போர்டு. பல வருடப் பவுடரும் கை வியர்வையும் ஏறி, காய் ஒட்டி ஒட்டிப் போகிறதாம். விடுமுறையிலும் பிள்ளைகள் வந்து பயிற்சி செய்கிறார்கள் என்றார். அதைச் சொல்லும்போது மனிதருக்கு முகமே வேறாக இருந்தது.

கேரம் போர்டில் ஒட்டியிருக்கும் மர மேல்தாள் வெங்காயத் தோல் மாதிரி. 220 மட்டும்தான், அதுவும் மெதுவாக, ரேகையோடு என்றேன்.

"எத்தனை தாளுங்க?"

"ஒண்ணு போதுமுங்க."

"சரிங்க. இது முடிஞ்சா பள்ளிக்கூடத்துல தேய்க்க ஒண்ணும் பாக்கியில்லீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

220 கட்டு மேல்தட்டில் இருந்தது. கூட்டம் வேறு. கைக்கு எட்டியதை எடுத்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 18, சனி

220 கட்டை மேல்தட்டிலிருந்து இறக்கி, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். தாள் மாறிப்போயிருந்தால் மாற்றிக்கொள்ள வருவார் அல்லவா. 80-க்கும் 220-க்கும் வித்தியாசம் தொட்டாலே தெரியும். பெஞ்சு தேய்த்த கை.

ஜனவரி 20, திங்கள்

வரவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

வந்தார். விசிலைச் சட்டைப்பையில் போட்டிருந்தார். வாசலிலேயே நின்றார்.

"போர்டு போச்சுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரே தேய்த்திருக்கிறார். போர்டு முழுக்கக் கீறல். கோடுகளும் வட்டமும் பாதி அழிந்துவிட்டன. ஸ்டிரைக்கரை நேராக விட்டால் கீறலைப் பிடித்துக்கொண்டு கோணலாக ஓடுகிறதாம். தலைமையாசிரியை பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தே திட்டியிருக்கிறார்.

"நான்தான் அழுத்தித் தேச்சுட்டனாட்ட இருக்குதுங்க. நீங்க மெதுவாத்தான் சொன்னீங்க."

"சொரசொரன்னு இருந்துதுங்களே, தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்க. 220 பெரிய நம்பராச்சே, சொரசொரப்பும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும் என்பதைப் பதினேழு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்காமல், கொஞ்சமும் கூசாமல் கேட்டேன்: "தாளோட பின்னால நம்பர் போட்டிருக்குமே, திருப்பிப் பாக்கலீங்களா?"

"நீங்க குடுத்தா எதுக்குங்க திருப்பிப் பாக்கோணும்?"

அவர் போய்விட்டார். ஆசாரி டீயை ஆறவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நாள், மறுபடியும்

எழுதித்தான் ஆக வேண்டும். 17ஆம் தேதி எழுதியது பொய். 18ஆம் தேதி எழுதியதும் பொய். 220 கட்டு எப்போதும் என் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். 80-ஐ எடுக்கத்தான் ஸ்டூல் போட்டு ஏறினேன். தேய்க்க இனி ஒன்றுமில்லை என்று அவர் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. தப்பான தாளைக் கொடுத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு மாற்ற வருவார், இன்னொரு முறை பார்க்கலாம் என்று நினைத்தேன். முப்பத்தொன்பது வயதுப் பெண் செய்கிற காரியமா இது?

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு நான்கு நாள் தாங்கியது. வெட்கமாக இருக்கிறது. அவர் என்மேல் சந்தேகப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

ஜனவரி 22, புதன்

கடையை ஆசாரியிடம் ஒப்படைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்குப் போனேன். வேப்பமரத்தடியில் போர்டைச் சுற்றி நான்கு பிள்ளைகளும் மாஸ்டரும் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்திருந்தார்கள்.

தர்ஷிகா என்று ஒருத்தி, இரட்டைச் சடை, பத்தாம் வகுப்பு. டீமில் அவள்தான் முதல் ஆட்டக்காரி. "எந்தக் கடையில சார் அந்தத் தாளை வாங்குனீங்க?" என்று அவள் கேட்கிற நேரத்தில்தான் நான் போய் நின்றேன்.

"என்ற கடையில. நான் குடுத்தது 220 இல்லை, 80" என்றேன்.

கூட்டத்தில் கை மாறிப்போச்சு என்று சொல்ல வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். மாஸ்டர் நிமிர்ந்து, "கூட்டத்துல மாறிப்போச்சுங்களா?" என்று அவரே அதை எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்றால் முடிந்தது.

"இல்லீங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன். மாத்தறதுக்குத் திரும்ப வருவீங்கன்னு."

ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. மாஸ்டர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"போட்டிக்குப் பத்து நாளுதானுங்க இருக்குது" என்றார். அவ்வளவுதான்.

கோயமுத்தூரிலிருந்து புது போர்டு வரவழைத்துத் தருகிறேன் என்றேன். "அது வந்து, பிள்ளைக பழகறதுக்குள்ள போட்டி முடிஞ்சுரும்" என்றார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஆசாரியோடு வந்து இதையே சரிசெய்கிறேன் என்றேன். போர்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்து, மிட்டாய் வாயோடு பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

ஆசாரி போர்டைத் தூக்கி, வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். 80 போட்ட பள்ளத்தை 220 ஒருநாளும் நிரவாது. நேராக நைஸ் தாளுக்குத் தாவினால் கீறல் பளபளப்பாகுமே தவிரப் போகாது. 120-இல் தொடங்கி, 150, 180, 220, 320 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு நம்பரும் முந்தின நம்பரின் கீறலை அழித்த பிறகே அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் துணியால் துடைக்க வேண்டும். பழைய தாளின் ஒரு மணல் கிடந்தாலும் மறுபடி கோடு விழும். பிள்ளைகள் முறை வைத்து, ஆளுக்கு ஐம்பது இழுப்பு என்று எண்ணிக்கொண்டே தேய்த்தார்கள்.

மாஸ்டர் எல்லோரிடமும் பேசினார், என்னைத் தவிர. என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அடுத்தது எந்த நம்பருங்க?" நான் நீட்டுகிற தாளை வாங்கி, திருப்பி, முதுகில் இருக்கும் நம்பரைப் படித்துவிட்டுத்தான் கட்டையில் சுற்றினார். ஐந்து தாள், ஐந்து முறை. வேண்டியதுதான் எனக்கு.

ஒரு மூலையில் மட்டும் மேல்தாள் தேய்ந்து, பொட்டு அளவுக்கு உள்மரம் தெரிந்துவிட்டது. "இதுக்கு மேல கை வெச்சீங்கன்னா அஞ்சாவதா ஒரு குழி வந்துரும்" என்று ஆசாரி நிறுத்தினார். அப்புறம் மாஸ்டர் காம்பஸை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வட்டங்களையும் கோடுகளையும் வரைந்தார். அழகான கை. அதன் மேல் ஆசாரி மெலிதாக ஒரு கோட் லாக்கர் வார்னிஷ் இழுத்தார்.

நாளைக்கு 400-ஐ வைத்து லேசாக ஒரு தடவு தடவினால் போதும். அதைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 1, சனி

இன்று ஈரோட்டில் போட்டி. மூன்று பேருக்குத் தப்பான ஆணி கொடுத்து, மூன்று பேரும் திருப்பிக்கொண்டு வந்தார்கள். இது சத்தியமாகத் தெரியாமல் நடந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

பள்ளி விட்டதும் தர்ஷிகா கடைக்கு வந்தாள். இரட்டையரில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார்கள். ஒற்றையரில் அவளுக்கு மூன்றாம் இடம்.

"என்னாலதானே கண்ணு?" என்றேன்.

"அப்படிச் சொல்லலாம்னுதான் வந்தேனுங்கக்கா. ஆனா நாங்க ரெட்டையர்ல ஆடுனதே சரியில்லை. சிவப்புக் காயைப் போட்டுட்டு, கூட ஒண்ணு போடாம விட்டுட்டோம். அதுக்குப் போர்டு என்ன பண்ணும்?" ஒரு கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டாள். "சார் பஸ்ஸுல உங்களைப் பத்தித்தான் பேசிட்டு வந்தாரு."

"என்னன்னு?"

"வாழ்க்கையில எதை வாங்குனாலும் பின்னால திருப்பிப் பாத்து வாங்கோணும்னு."

பிப்ரவரி 5, புதன்

வந்தார்! தலைமையாசிரியையின் மேஜையைப் பாலிஷ் போட வேண்டுமாம். 180 கொடுத்தேன். வாங்கி, திருப்பி, மூக்குக்கு நேராகப் பிடித்து, "நூத்தியெம்பது. சரியாத்தான் இருக்குதுங்க" என்று கடைக்கே கேட்கும்படி படித்தார். ஆசாரிக்குப் புரையேறிவிட்டது. எனக்குக் கோபமான கோபம்.

கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

பிப்ரவரி 7, வெள்ளி

220. திருப்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

எமரி. திருப்பிப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்கு எடுத்துப் போய் வேறு பார்த்தார்.

பிப்ரவரி 12, புதன்

பள்ளியில் எல்லாம் முடிந்து, இப்போது சொந்த வீட்டு வாசக்கதவு. பழைய தேக்கு, மேலே மூன்று தலைமுறை வார்னிஷ். முதலில் 60, பிறகு 80 என்றேன். "80-ஐ நீங்களே சொல்றீங்க பாருங்க" என்றார். திருப்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணியும் அண்ணனும் மாஸ்டருடைய அக்கா வீட்டுக்குப் போய்க் கல்யாணம் பேசிவிட்டு வந்திருக்கிறார்கள். மாஸ்டரும் அங்கே இருந்தாராம். நாற்பத்து மூன்று வயது, தனிக்கட்டை, அவர்கள் பக்கம் எல்லோருக்கும் திருப்தி.

"அவரு என்ன சொன்னாரு?" என்று குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"'எனக்குச் சரிங்க. ஆனா அவிய வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் காத்திருக்கறேன்'னாரு. போயி சொல்லிப்போடம்மிணி. ஊருக்கே உப்புத்தாள் பாடம் எடுக்கற வாய்தானே."

இது வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

கதவுக்கு 120 வாங்க வந்தார். கல்லாவுக்கு முன்னால் நின்று என் முகத்தையே பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பருக்கும் சாதாத் தாளுக்கும் என்ன வித்தியாசம் என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். 120-ஐத் திருப்பிப் பார்த்தார். போய்விட்டார்.

ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

யோசனை வந்துவிட்டது. வாய்க்குத்தானே வரவில்லை? கைக்கு வருமே. எப்படியும் திருப்பிப் பார்க்கிற மனிதர். 320 தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கம் நம்பருக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்: எனக்குச் சம்மதம். வசுமதி. ஒரு வரி எழுத நான்கு தாள் வீணாயிற்று.

பிப்ரவரி 19, புதன்

180 கேட்டு வந்தார். தீர்ந்துபோச்சு, சாயங்காலம் வந்துவிடும், அதற்குள் கடைசித் தேய்ப்புக்கான 320-ஐ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். (180 கட்டு கல்லாவுக்கு அடியில் இருந்தது.) மணல் பக்கம் மேலே இருக்கும்படி தாளை நீட்டினேன்.

வாங்கினார். இரண்டாக மடித்தார். பையில் வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், நம்பர் பாக்கலீங்களா?"

"வேண்டாங்க. இத்தனை நாள் எல்லாரு முன்னாலயும் திருப்பித் திருப்பிப் பாத்து உங்களை நெம்பக் கேலி பண்ணிப்போட்டேன். இனி இந்தக் கடையில எதையும் திருப்பிப் பாக்கறதில்லீங்க. நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்."

சிரித்துவிட்டு மொபெட்டில் ஏறிப் போய்விட்டார்.

இந்த வார்த்தைக்காக ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன். அதைச் சொல்ல இந்த மனிதருக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

பிப்ரவரி 20, வியாழன்

வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 120 முடிந்து, 180 முடிந்து, 220 முடிந்து, 320-க்கு வர எப்படியும் ஒரு வாரம். வந்தாலும் எழுத்து இருக்கிற பக்கம் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். நாலு இழுப்பில் பென்சில் எழுத்து அழிந்துபோகும். தாளைக் கட்டையில் சுற்றுங்கள் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

"சொல்லிட்டயா?" என்றாள் அண்ணி.

"எழுதிக் குடுத்துட்டேன்."

"படிச்சாரா?"

"கதவுல தேய்க்கப் போறாரு."

அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காத்திருக்கிறேன் என்று சொன்ன மனிதர் எத்தனை நாள் காத்திருப்பார்? இவளுக்கு இஷ்டமில்லை போல என்று நினைத்துவிட்டால்?

பிப்ரவரி 21, வெள்ளி

பதினோரு மணி. ஆசாரி டீயோடு இருந்தார். பட்டி வாங்க வந்த பெயின்டர்கள் இரண்டு பேர் நின்றார்கள். மாஸ்டர் வந்து, "180 வந்துருச்சுங்களா?" என்றார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த 320 எங்கீங்க?" என்றேன்.

"வீட்டுல பத்திரமா இருக்குதுங்க."

"திருப்பிப் பாருங்க."

"வேண்டாங்க, எனக்கு நம்பிக்கை இருக்குது..."

"நம்பிக்கை இருக்கட்டும் மாஸ்டர், திருப்பிப் பாருங்க! அதுக்குப் பின்னால எனக்குச் சம்மதம்னு எழுதியிருக்குது!"

நான் அவ்வளவு சத்தமாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். பெயின்டர்கள் பட்டி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆசாரி மெதுவாக டம்ளரைக் கீழே வைத்து, "அப்பாடா" என்றார்.

மாஸ்டர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"அப்ப அந்தத் தாளைத் தேய்க்கக் கூடாதுங்களா?"

"தேய்க்கக் கூடாது."

"கதவு பாதியில நிக்குதுங்களே."

"வேற தாள் தர்றேன்" என்று 180-இல் ஒன்றும் 320-இல் ஒன்றும் உருவி நீட்டினேன். வாங்கினார். இனி இந்தக் கடையில் எதையும் திருப்பிப் பார்ப்பதில்லை என்று சொன்ன மனிதர், இரண்டையும் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் நம்பர் மட்டும்தான் இருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

தாள்களை அவர் கையிலிருந்து வாங்கி, கல்லாவின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பென்சிலைத் தேடினேன்.